வெளிச்சமும் தூரமும்: மேற்குச் சென்னைக் குழந்தைகளின் கண்கள்

குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இப்போது பல வீடுகளுக்குக் கறுப்பு வெள்ளை அட்டைகள் வந்துவிடுகின்றன. வட்டம், கட்டம், கோடு என்று அச்சிட்ட அட்டைகள். பார்வையை வளர்க்கும் என்று உறையில் எழுதியிருக்கும். அவற்றோடு தொட்டிலுக்கு மேலே சுழலும் பொம்மைகள், விளக்கு எரியும் பந்துகள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகம். குழந்தைக்கு நல்லது என்றால் வயிற்றைக் கட்டியாவது வாங்கித் தந்துவிடுவார்கள். விளையாட்டால் பார்வை வளருமா, வளரும் என்றால் எந்த விளையாட்டால், எந்த வயதில் என்ற கேள்விகளுக்குக் கடைக்காரர் தரும் பதிலுக்கும் ஆய்வுகள் தரும் பதிலுக்கும் இடைவெளி பெரியது.

ஆய்வுகளை வரிசையாகப் படித்து வரும்போது எனக்கு உறுதிப்பட்டது இது. கடையில் வாங்கும் சாமானால் குழந்தையின் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. திறந்த வெளியில் ஓடியாடும் நேரத்தால் கிடைப்பது மிக அதிகம். விளையாடும் பிள்ளையை உற்றுக் கவனிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், சில குழந்தைகளுக்குக் கண்ணே மிஞ்சுகிறது.

பிறந்த குழந்தையின் விழி, முன்னிருந்து பின் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்தவர் கண்ணில் அது 23, 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் மூன்று வயதுக்குள் முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது ஒரு முழம்கூட இல்லாத தொலைவு, அதாவது 20 முதல் 30 சென்டிமீட்டர். மடியில் கிடந்து பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய அதுதான். 1950களின் இறுதியிலும் 60களின் தொடக்கத்திலும் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ், பச்சைக் குழந்தைகளின் கண் எதன் மேல் அதிக நேரம் நிற்கிறது என்று அளந்தார். வெறும் பரப்பைவிடக் கோடும் கட்டமும் உள்ள பரப்பையும், முகத்தைப் போன்ற வடிவத்தையும் அவை நாடிப் பார்த்தன. இன்றைய கறுப்பு வெள்ளை அட்டை வியாபாரத்தின் வேர் இந்த ஆய்வுகளில் இருக்கிறது. ஆனால் ஃபான்ட்ஸ் காட்டியது குழந்தை எதைப் பார்க்க விரும்புகிறது என்பதை. அட்டை காட்டினால் கண் கூர்மையாகும் என்று அவர் சொல்லவில்லை. ஆரோக்கியமான குழந்தைக்கு வீட்டிலேயே போதுமான கோடுகள் இருக்கின்றன: ஜன்னல் கம்பி, பாட்டியின் புடவைக் கரை, எல்லாவற்றுக்கும் மேலாக அசைந்து பேசிச் சிரிக்கும் முகம்.

இரண்டு மூன்று மாதத்தில் அசையும் பொருளைக் கண் தொடர்ந்து போகிறது. நிறங்கள் பிரிகின்றன. மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் இரண்டு கண்ணும் கூடி ஆழத்தை உணரத் தொடங்குகின்றன. அப்போதுதான் குழந்தை கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்கிறது. கை கண்ணுக்கும், கண் கைக்கும் பாடம் நடத்தும் காலம் அது. தொட்டிலில் மரக்கிளி கட்டியதும், நடைவண்டி செய்து தந்ததும், சோறூட்டும்போது நிலாவையும் காக்காயையும் காட்டியதும் இந்த வயதுகளுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடுகள். கடைசியாகச் சொன்னது தூரத்தைப் பார்க்க வைக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணில் படும் காட்சி மூளைக்குப் போய்ச் சேர்ந்து அங்கே பாதை போட்டாக வேண்டும். டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டியின் ஓர் இமையைத் தைத்து மூடி வைத்து ஆராய்ந்தார்கள். சில வாரம் கழித்துத் தையலைப் பிரித்தபோது கண்ணில் குறையில்லை. ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அப்படிச் செய்தால் பாதிப்பில்லை. இளமையில் மட்டும் திறந்திருக்கும் அந்தக் காலக்கெடுவைக் கண்டறிந்ததும் சேர்ந்துதான் 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசைத் தந்தது. 1963இல் ஹெல்டும் ஹெய்னும் செய்த சோதனை விளையாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு ராட்டினத்தில் இரண்டு பூனைக்குட்டிகள்: ஒன்று தன் காலால் நடக்கும், மற்றது கூடையில் உட்கார்ந்து அதே சுற்றைச் சுற்றும். இரண்டும் ஒரே காட்சியைத்தான் பார்த்தன. ஆனால் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தபோது நடந்த குட்டி ஒதுங்கியது. கூடையில் சென்றதற்கு ஆழம் தெரியவில்லை. பிறகு அதையும் தரையில் நடமாட விட்டதும் சில நாளில் தேறிவிட்டது.

தேறிவிட்டது என்ற அந்தப் பகுதியை நான் வலியுறுத்த விரும்புகிறேன். பெற்றோரைப் பயமுறுத்த இந்த ஆய்வுகளின் முதல் பாதி மட்டும் அடிக்கடி பயன்படுகிறது. பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு வருடக்கணக்கில் வாழ்ந்த வட இந்தியக் குழந்தைகளுக்கு எட்டு வயது கடந்த பிறகும் அறுவை சிகிச்சை செய்தார்கள். முழுக் கூர்மை வரவில்லை. ஆனால் தொட்டு அறிந்த பொருளைப் பார்த்து அடையாளம் காண முதலில் திணறிய அவர்கள், சிறிது காலத்திலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள். காலம் கடந்தால் நஷ்டம் உண்டு, எல்லாமே போய்விடுவதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன் குழந்தையின் கண் பற்றிய பேச்சு விளையாட்டை எட்டியதே இல்லை. சோற்றுத் தட்டோடு நின்றது. மாலைக்கண்ணும், கருவிழி உலர்ந்து புண்ணாவதும்தான் அன்றைய அச்சம். திருச்சி மாவட்டத்தில் அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் நடத்தி 1990இல் வெளியான ஆய்வு, வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது. இன்றும் ஒன்பது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சொட்டு மருந்து தரப்படுகிறது. முருங்கைக்கீரையும் முட்டையும் இன்றும் தேவை. ஆனால் மேற்குப் புறநகரில் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தட்டில் குறை இருந்திருக்க வாய்ப்பு குறைவு. குறை வெளிச்சத்தில் இருக்கிறது.

கிட்டப்பார்வை என்பது விழி அளவுக்கு மீறி நீண்டுவிடுவது. சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் இரு மாவட்டங்களில் நகர்ப்புறப் பள்ளிக் குழந்தைகள் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு: 5 முதல் 16 வயதினரில் நூற்றுக்கு 17.5 பேருக்குக் கிட்டப்பார்வை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் டெல்லிப் பள்ளிகளில் எய்ம்ஸ் கண்ட அளவு 13.1. கிழக்காசியாவோடு ஒப்பிட்டால் நாம் இன்னும் தொடக்கப் படியில் இருக்கிறோம். தடுக்க வாய்ப்பு இருக்கும் கட்டமும் இதுதான்.

ஏன் நீள்கிறது? படிப்பும் புத்தகமும்தான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 2008இல் வந்த ஒரு ஒப்பீடு அதை அசைத்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள், ஒரு கூட்டம் சிங்கப்பூரில், ஒரு கூட்டம் சிட்னியில். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் மூன்றுக்குச் சற்று மேல். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்தார்களா என்றால் இல்லை, கூடுதலாகவே படித்தார்கள். வேறுபாடு வெளியில் இருந்த நேரத்தில்: சிட்னியில் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம், சிங்கப்பூரில் 3. அடுத்து சீனாவின் குவாங்சௌ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே. மூன்று ஆண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே நூற்றுக்கு 30.4, மற்றப் பள்ளிகளில் 39.5. தைவான் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்பதைப் பள்ளிகளின் கொள்கையாகவே ஆக்கியது. ஆண்டாண்டாக ஏறிவந்த கோடு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. அந்நாட்டின் யீலான் மாவட்டத்தில் மழலையர் பள்ளிகளிலேயே இதை நடைமுறைப்படுத்தினார்கள். இரண்டு ஆண்டு அந்தத் திட்டத்தில் இருந்த ஐந்தாறு வயதுப் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் அங்கன்வாடிகளுக்கும் எல்.கே.ஜி. வகுப்புகளுக்கும் இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறில்லை.

வெளிச்சத்தின் அளவைச் சொன்னால் காரணம் விளங்கும். ட்யூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ். மேகமூட்டமான பகலில் வெளியே பத்தாயிரத்தை ஒட்டி, வெயிலில் ஒரு லட்சம். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமின் சுரப்பைக் கூட்டுகிறது, அது விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது கோழிக்குஞ்சுகளில் செய்த சோதனைகளிலிருந்து கிடைத்த விளக்கம். வெளியே கண் தூரத்தைப் பார்க்கிறது என்பதும் சேரலாம். முக்கியமான செய்தி, உச்சி வெயில் தேவையில்லை. வேப்பமர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம். தொப்பி போட்டாலும் பலன் குறைந்துவிடாது. சித்திரை வைகாசியில் காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும் போதும். "வெயில்ல போவாதே, கறுத்துடுவே" என்று பெண் குழந்தைகளை உள்ளே இழுத்து வைக்கும் வீடுகளில் இதை நேரடியாகச் சொல்லியாக வேண்டும். மகளின் கண்ணைவிட அவள் தோலின் நிறம் பெரிதாகிவிடக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது, தடுக்கிறது, வந்துவிட்ட பிறகு அதன் பலன் குறைவு. ஆகவே பள்ளிக்குப் போகும் முன்னான வயதுகளுக்கு மதிப்பு கூடுகிறது.

இனி வெளி எங்கே இருக்கிறது என்ற கேள்வி. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன்பே 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ். ஆவடியில் 60களில் கனரக வாகனத் தொழிற்சாலை. ஆவடியின் படைத்தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு மரங்களும் மைதானமும் வீட்டு வாசலிலேயே கிடைத்தன. அந்தச் சுற்றுச்சுவருக்கு வெளியே நிலைமை வேறு. பட்டரவாக்கத்திலும் அம்பத்தூர் ஒரகடத்திலும் ஒற்றை அறை வாடகை வீடுகள். வாசலைத் திறந்தால் நிறுத்திய பைக்குகள். சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் லாரிகள் ஓயாமல் போகின்றன. நாலு வயதுப் பிள்ளையைத் தெருவில் விடப் பயப்படும் தாயைக் குறை சொல்ல என்னால் முடியாது. அடுக்குமாடி வீடுகளிலோ கீழ்த்தளம் முழுக்கக் கார்கள். வேலை முடிந்து பெற்றோர் வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அவர்களிடம் போய் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப் போங்கள் என்று சொல்வதில் நியாயமில்லை.

எனவே இதைப் பெற்றோரின் கடமைப் பட்டியலில் மட்டும் சேர்த்துவிட்டு நகர முடியாது. பகல் வெளிச்சம் உள்ள நேரத்தில் குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கே வெளி கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை அங்கன்வாடியிலோ நர்சரி பள்ளியிலோ இருக்கிறது. தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவப் பாடத்திட்டத்துக்குப் பெயரே "ஆடிப் பாடி விளையாடு பாப்பா". ஆட இடம் வேண்டுமே. முற்றம் இல்லாத மையங்களுக்குப் பக்கத்து அரசுப் பள்ளி மைதானத்தைக் காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. தனியார் நர்சரிகளில் நிலைமை இன்னும் மோசம். மூன்று வயதுப் பிள்ளை நாள் முழுக்க வகுப்பறையில் எழுத்துப் பயிற்சி செய்வதைப் பெருமையாகக் கருதும் பள்ளிகள் உண்டு. விடுமுறை நாளுக்கு ஏரிகள் இருக்கின்றன. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். நாரையைத் தேடிக் கண்டுபிடி என்று சொல்லிக் குழந்தையைக் கரையில் நிறுத்தினால் வெளிச்சமும் கிடைக்கிறது, தூரமும் கிடைக்கிறது.

கைபேசியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை பெரியவர் துணையோடு ஒரு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதேதான். திரையிலிருந்து வரும் கதிர் கண்ணைக் கெடுப்பதாகப் பரவும் பேச்சைவிட, திரை எடுத்துக்கொள்ளும் பகல் நேரம்தான் எனக்குக் கவலை தருகிறது.

பாண்டி, பம்பரம், கோலி, கண்ணாமூச்சி, அஞ்சாங்கல் ஆகியவை கண்ணைக் கூர்மையாக்கும் என்று இப்போது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கைக்கும் கண்ணுக்கும் இசைவு வளர்க்கும் என்பது சரி. மேலெறிந்த கல்லைக் கண் தொடர வேண்டும், கோலிக்கும் குழிக்கும் இடையில் உள்ள தூரத்தை மதிப்பிட வேண்டும். ஆனால் பார்வைக் கூர்மை கூடும், கண்ணாடி கழன்றுவிடும் என்பதற்குச் சான்று கிடையாது. இவற்றின் பெரிய நன்மை, பெரும்பாலும் தெருவிலும் மண்ணிலும் ஆடப்படுகின்றன என்பதே. கில்லியைப் பற்றி எச்சரிக்கையும் தேவை. கூர்நுனிக் கட்டை கண்ணில் பட்டுப் பார்வை போன பிள்ளைகளைக் கண் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வில் அம்பும் அப்படியே.

விளையாட்டு செய்யக்கூடிய இன்னொரு பெரிய வேலை, குறையைக் காட்டிக் கொடுப்பது. சின்னக் குழந்தைக்குத் தன் கண் மங்கலாகத் தெரிவது தெரியாது. உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு கண் நன்றாக இருந்தால் வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குள் மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிடுகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். உலக அளவில் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு விளையாட்டு போதும். கடற்கொள்ளைக்காரன் மாதிரி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் கிடக்கும் பொட்டுக்கடலையைப் பொறுக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் குழந்தை அழுதாலோ கையைத் தட்டிவிட்டாலோ, பிடிவாதம் என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பந்து பிடிக்கும்போது திரும்பத் திரும்பத் தவறவிடுவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, டி.வி.யை ஒட்டிப் போய் நிற்பது, வெளியே வந்ததும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வது எல்லாம் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதை வெயில் கூசுகிறது என்று எண்ணிவிடுகிறோம். சில பிள்ளைகளுக்கு அது அவ்வப்போது கண் விலகிப் போவதன் அடையாளம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை இன்னும் இந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது. முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது ஒருங்கிணையாமல் போவது இயல்பு. ஆறு மாதத்துக்குப் பிறகும் நீடித்தால் அதில் அதிர்ஷ்டம் எதுவுமில்லை. ஆழம் உணரும் திறனும் ஒரு கண்ணின் பார்வையும் கைநழுவுகின்றன. போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால் அன்றைக்கே ஓட வேண்டும். விழித்திரைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் அந்த நோயை முன்னதாகப் பிடித்தால் உயிரைக் காக்கலாம், பல நேரம் கண்ணையும் காக்கலாம். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

மருத்துவமனைக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் 2017 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. எழும்பூரில் 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வயதுதான் பிரச்சினை. மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுச் சிறார் நலத் திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வர வேண்டும். தமிழ்நாட்டில் 2009இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டமும் பள்ளி மாணவர்களுக்கானது. இரண்டுக்கும் இடையில் ஒரு பெரிய கூட்டம் விடுபடுகிறது: தனியார் நர்சரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் அவர்கள் எண்ணிக்கை சிறியதல்ல. சிகிச்சை நன்றாகப் பலிக்கும் வயதும் அதுவே. எழுத்து தெரியாத பிள்ளைகளைச் சோதிக்க ஃபின்லாந்து மருத்துவர் லேயா ஹுவாரினென் உருவாக்கிய ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் கொண்ட அட்டை இருக்கிறது. பிள்ளைக்கு அது ஜோடி சேர்க்கும் விளையாட்டாகத்தான் தெரியும். எல்.கே.ஜி. சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டை கேட்பது போல ஒரு கண் பரிசோதனைச் சீட்டும் கேட்கலாம்.

சோம்பேறிக் கண்ணுக்கு வைத்தியம், தேவைப்பட்டால் கண்ணாடி, பிறகு நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போடுவது. மிதமான பாதிப்பு உள்ள ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணி நேர ஒட்டு, ஆறு மணி நேரத்துக்கு இணையான பலன் தந்ததை 2003இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று காட்டியது. ஒட்டுப் போட்டிருக்கும்போது கிட்டத்தில் செய்யும் வேலைகளான படம் வரைதல், மணி கோத்தல் போன்றவை சிறந்தவையா என்றும் அதே குழு சோதித்தது. தூரப் பார்வை விளையாட்டுக்கும் கிட்ட விளையாட்டுக்கும் வேறுபாடு இல்லை. பெற்றோருக்கு இது விடுதலை தரும் செய்தி. ஒட்டைப் பிடுங்கி எறியாமல் பிள்ளை எந்த விளையாட்டில் மூழ்குகிறதோ அதுவே மருந்து.

எல்லாம் செய்தும் பார்வை முழுதாக வராத குழந்தைகள் உண்டு. அவர்களுக்குப் பூந்தமல்லி பழகிய பெயர். பார்வைக் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், தேசிய பார்வைக் குறையுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே இருக்கின்றன. பார்வையற்றவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் பலருக்குக் கொஞ்சம் பார்வை மிஞ்சியிருக்கும். அதைப் பயன்படுத்தப் பழக்குவது விளையாட்டின் வழியாகவே நடக்கிறது. கறுப்புத் துணியில் மஞ்சள் பந்து, சலங்கை கட்டிய பந்து, பளிச்சென்ற நிறத்தில் ஓரம் ஒட்டிய படிக்கட்டு. தட்டு வெள்ளையாக இருந்தால் சோறு தெரியாது என்பதால் கருநீலத் தட்டு. இந்தச் சின்ன மாற்றங்களை இப்படிப்பட்ட குழந்தைகளின் ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். ஒரு வயதிலேயே குறை தெரிந்துவிட்ட குழந்தையின் பெற்றோர், பள்ளியில் சேர்க்கும் வயது வரட்டும் என்று வீட்டிலேயே காத்திருக்காமல் அப்போதே அந்த ஆசிரியர்களிடம் வழி கேட்கலாம்.